லஸ்ஹரின் மகள் எழுதிய கட்டுரை

வட ஆப்பிரிக்கச் சுரங்க ஊரான மெத்லாவியில் பாஸ்பேட் ரயில் ஓட்டிய லஸ்ஹருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் துஹா, இளையவன் வன்னாஸ். துஹா படிப்பில் கெட்டி. பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியாரே அவளிடம் உச்சரிப்பு கேட்டுத் திருத்திக்கொள்வார் என்று தெருவில் பேச்சு. அந்த வாத்தியார்தான் ஒருநாள், அமெரிக்காவில் சின்னச் சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன, வகுப்புக்குப் பதினைந்து பேர்தான், வேதியியலும் படிக்கலாம், கூடவே தத்துவமும் நாடகமும் படிக்கலாம், ஆளைப் பிடித்துப்போனால் முழுச் செலவையும் அவர்களே ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்லி அவள் தலையில் அந்த நினைப்பைப் போட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது லஸ்ஹர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "துனிஸ் போதாதா உனக்கு? கடலத் தாண்டினாத்தான் படிப்பு ஏறுமோ?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு மறுப்பு வரவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும், முகத்தில் அப்பிய சாம்பல் தூசியைக்கூடக் கழுவாமல் அலுவலகத்துக்குப் போய், மகளின் விண்ணப்பத்துக்குத் தன் ஊதியச் சான்று வேண்டும் என்று வரிசையில் நின்றார்.

நுழைவுத் தேர்வு தலைநகர் துனிஸில். லூவாஜ் என்னும் வாடகை வேனில் ஆறு மணி நேரம். லஸ்ஹர் இரண்டு நாள் விடுப்புப் போட்டு அவளோடு போனார். தேர்வுக் கூடத்துக்குள் அவரை விடவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அவள் நாலு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, அவளுடைய கம்பளிக் கோட்டு நனையாமல் இருக்கத் தன் சட்டைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "எழுதினியா?" என்றார். "எழுதினேன்." "அப்ப வா, சூடா லப்லாபி சூப் சாப்பிடலாம். எனக்குக் கால் மரத்துப்போச்சு."

இனிக் கட்டுரை. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி அறுநூற்றைம்பது சொற்களுக்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்பவேண்டும். மதிப்பெண் எல்லாருக்கும் இருக்கும், கட்டுரைதான் ஆளைக் காட்டும் என்றாள் ஹாயத். துனிஸில் ஒரு மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு யோசனை சொல்கிறவள் அவள்; தானும் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவள். துஹா முதலில் எழுதிக்கொண்டு போனது ரயிலைப் பற்றி. அப்பாவோடு ஒருமுறை எஞ்சினில் ஏறிப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது, பாஸ்பேட் என்றால் என்ன என்று அவர் சொல்லித் தந்தது, அதனால் தனக்கு வேதியியல் பிடித்துப்போனது.

ஹாயத் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்குடி. ஆனா படிச்சு முடிச்சதும் மறந்துபோயிடும். உனக்கு எது தடையா இருந்துச்சு? அதை எழுது."

"பணம்தான்."

"எல்லாரும் பணம்னுதான் எழுதுவாங்க. வேற? ஊரு? வீடு? அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

துஹா கொஞ்சம் யோசித்தாள். "கடலத் தாண்டணுமான்னு கேட்டாரு."

ஹாயத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அங்கேர்ந்து ஆரம்பி."

பொய் எழுது என்று ஹாயத் சொல்லவில்லை. அதைத் துஹா பிற்பாடு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுதியது அவள். முதல் வரியில் லஸ்ஹர் கேட்ட அந்த ஒரு கேள்வி. இரண்டாவது பத்தியில் அவர் விண்ணப்பத் தாள்களைக் கிழித்துவிட்டார். மூன்றாவதில் அறைக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் படித்தாள். அம்மா மஹ்பூபா ஜன்னல் வழியாகப் புத்தகம் கொடுத்தாள். கடைசிப் பத்தியில் அவர் மனம் மாறினார். அவர்கள் வீட்டில் சாவியோடு கூடிய உள்கதவே கிடையாது. எழுதும்போது அவளுக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை; சொற்கள் ஒன்றின் பின் ஒன்றாக அழகாக வந்து விழுவதில் ஒரு கிறக்கம் இருந்தது. ஆங்கிலத்தில் இருப்பதால் அது வேறு யாருடைய வீட்டிலோ நடப்பது போலவும் இருந்தது.

மார்ச் கடைசியில் ஒஹாயோவிலிருந்து இடம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. முழு உதவித்தொகை. லஸ்ஹர் ரயில் கொட்டடிக்கு மக்ரூத் இனிப்பு வாங்கிக்கொண்டு போனார்.

"என்ன லஸ்ஹர், அமெரிக்காவுக்கும் தண்டவாளம் போடச் சொல்லியாச்சா?" என்றார் ஒருவர்.

"உனக்கு எதுக்குடா தண்டவாளம், நீதான் ஸ்ஃபாக்ஸ் போகவே மூணு தடவ பிரேக் போடுவியே," என்றார் லஸ்ஹர். அன்று அவர் அடித்த அரட்டையைப் போல அதற்கு முன்போ பின்போ யாரும் கேட்டதில்லை.

அவள் அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், புது மாணவர்களை வரவேற்கும் கூட்டத்தில் கல்லூரித் தலைவர் மேடையிலிருந்து ஒரு பத்தியை வாசித்தார். பெயர் சொல்லவில்லை. பூட்டிய கதவும் போர்வை வெளிச்சமும் கேட்டதுமே அது தன் கட்டுரை என்று துஹாவுக்குத் தெரிந்துவிட்டது. பெயர் சொல்லாவிட்டால் என்ன, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். அறைத்தோழி எமிலி அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்ல பெண். அவள் அழுகையில் நடிப்பில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

லஸ்ஹர் ஞாயிறுதோறும் கூப்பிடுவார். பனி எவ்வளவு உயரம், ரொட்டி எப்படி, அம்மா அனுப்பிய ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தீர்ந்துவிட்டதா என்று கேட்பார். வன்னாஸின் சேட்டையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். ஒருநாள் துஹா சிரித்துவிட்டுக் கைபேசியை வைத்ததும் எமிலி, "உங்க அப்பாவோடயா பேசின? எப்படி உன்னால மன்னிக்க முடியுது?" என்றாள். அடுத்த ஞாயிறிலிருந்து துஹா கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறைக்குப் போய்ப் பேசத் தொடங்கினாள். "என்னம்மா அது இரைச்சல், ஃபேக்டரியிலயா படிக்கிறே?" என்பார் அவர்.

அவள் வேதியியல் எடுத்தாள், ஆனால் அவளைப் பேசக் கூப்பிட்டதெல்லாம் வேறு விஷயத்துக்கு. உங்கள் பகுதிப் பெண்களைப் பற்றி, தடைகளைப் பற்றி, தந்தையரைப் பற்றி. முதல் முறை தாளைப் பார்த்தே வாசித்தாள். பத்தாவது முறை எந்த இடத்தில் நிறுத்தினால் அரங்கம் மூச்சடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் ஆண்டு கல்லூரியின் வண்ணப் புத்தகத்தில் அவள் படமும் முழுக் கட்டுரையும் வந்தன. இணையத்திலும் போட்டார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு பணக்காரத் தம்பதி பெரும் நன்கொடை தந்தார்கள் என்று நன்கொடை அலுவலகத்தைச் சேர்ந்த கார்லா சொன்னாள். "உன்னால வருஷத்துக்கு ரெண்டு பொண்ணுங்க கூடுதலா படிக்கப் போறாங்க, துஹா."

நான்காம் ஆண்டு வசந்தத்தில் கார்லா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். பட்டமளிப்புக்கு லஸ்ஹரை வரவழைப்பதாக முடிவு. டிக்கெட் கல்லூரி செலவு.

"அவருக்கு உடம்பு சரியில்லை," என்றாள் துஹா.

"அப்படியா? நேத்துப் பதில் போட்டிருக்காரே! பிரெஞ்சுல. ரொம்ப சந்தோஷமா எழுதியிருக்கார்."

அன்று மாலையே லஸ்ஹர் கூப்பிட்டார். ஞாயிறுகூட இல்லை. "பொண்ணே, கம்பெனியில முப்பது வருஷம் உழைச்சேன், ஒருத்தனும் ஒரு பஸ் டிக்கெட் எடுத்துத் தரல. உன் காலேஜ் பிளேன் டிக்கெட் அனுப்புது!" அதைக் கேட்டபிறகு வரவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

பட்டமளிப்புக்கு முந்தைய நாள் மதிய விருந்து. லஸ்ஹர் புதுக் கோட்டு போட்டிருந்தார். அதன் கை அவர் விரல்நுனி வரை நீளம். தலைவர் பேசினார். மாறத் தெரிந்த ஒரு மனிதர், தன் பிடிவாதத்தை விட்டுக்கொடுத்த ஒரு தந்தை, இன்று நம் நடுவே இருக்கிறார் என்றார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் லஸ்ஹர்.

"பாடுபட்டு வளர்த்ததுக்கு உங்களுக்கு நன்றி சொல்றாங்கப்பா."

லஸ்ஹர் எழுந்து நெஞ்சில் கை வைத்து நாலு பக்கமும் தலை தாழ்த்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. கைதட்டல் இன்னும் பலமாகியது.

அப்புறம் கார்லா துஹாவைப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனாள். கால் மணி நேரம்தான். திரும்பி வந்தபோது லஸ்ஹரின் மேசையில் பிரெஞ்சுப் பேராசிரியை மிசஸ் வின்ஸ்லோ உட்கார்ந்திருந்தாள். லஸ்ஹருக்குப் பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. எஞ்சின் புத்தகங்கள் எல்லாம் அதில்தான். மிசஸ் வின்ஸ்லோவுக்கும் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி. தன் மாணவர்கள் சென்ற ஆண்டு துஹாவின் கட்டுரையைப் பயிற்சியாகப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார்கள் என்று சொல்லி, அந்தத் தாள்களை ஒரு கோப்பில் போட்டு அவருக்குப் பரிசாகவே கொடுத்திருந்தாள். கோப்பு மூடியிருந்தது. லஸ்ஹர் அதன்மேல் கை வைத்திருந்தார். படித்துவிட்டார் என்பது அந்தக் கையைப் பார்த்ததுமே துஹாவுக்குத் தெரிந்தது.

"இவ்வளவும் உண்மையா, மிஸ்யூ?" என்று மிசஸ் வின்ஸ்லோ கனிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு அப்பா மனசு மாற எவ்வளவு தைரியம் வேணும்!"

லஸ்ஹர் மகளை ஒருமுறை பார்த்தார். "ஆமாம் மதாம்," என்றார் பிரெஞ்சில். "நான் அப்படித்தான் இருந்தேன்."

விருந்தினர் விடுதிக்கு இருவரும் நடந்து போனார்கள். புல்வெளியில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் போய்க் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தபிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"கிழிச்சேனா?"

"இல்லப்பா."

"பூட்டினேனா?"

"இல்ல."

"நம்ம வீட்ல பூட்டு எங்கடி இருக்கு?"

அவள் அழுதாள். இங்கே இடம் கிடைக்க ஏதாவது வேண்டியிருந்தது, பதினேழு வயது, யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன் என்றெல்லாம் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"மழையில உக்காந்திருந்தேனே, அத எழுதியிருந்தா எடுத்திருக்க மாட்டாங்களா?"

"தெரியலப்பா."

"தெரியல." அவர் அதையே இன்னொரு முறை சொன்னார். பிறகு, "நாளைக்கும் கை தட்டுவாங்களா?" என்றார். "தட்டினா நான் எழுந்திருக்கணுமா? அத மட்டும் சொல்லு."

மறுநாள் தட்டினார்கள். எழுந்தார். நெஞ்சில் கை வைக்கவில்லை.

அவர் ஊர் திரும்பியபிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மஹ்பூபாதான் பேசினாள். அப்பா எங்கே என்றால் தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார். துஹாவுக்கு அதே கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான் விசாவும் தொங்கிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் கட்டுரைகளை வாசித்துக் குறிப்பு எழுதவேண்டும். கதவைப் பூட்டும் தந்தைமார் வாரத்துக்கு இரண்டு பேராவது வந்தார்கள். எது மெய், எது பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. நல்ல குறிப்பு போட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் வன்னாஸ் கூப்பிட்டான். யாரோ பக்கத்து ஊர்ப் பையன் இணையத்தில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அரபியில் போட்டு, ஃபேஸ்புக்கில் ஊரெல்லாம் பரப்பிவிட்டான். "அப்பா காபிக் கடைக்குப் போறதில்ல. 'லஸ்ஹர், இன்னிக்குச் சாவி எந்தப் பையில?'ன்னு கேக்குறானுங்க. உனக்கு நாங்க என்னக்கா பண்ணோம்?"

துஹா கார்லாவிடம் போய்க் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னாள். கார்லா கதவைச் சாத்திவிட்டுப் பரிவோடு கேட்டாள்: "வீட்ல மிரட்டுறாங்களா?" இல்லை, அது பொய் என்ற சொல் துஹாவின் தொண்டைவரை வந்தது. பட்டம், விசா, வேலை, அந்த இரண்டு பெண்கள், எல்லாம் அந்தக் கட்டுரையின்மேல் நின்றன. "அப்படி ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினாள். பக்கம் அப்படியே இருந்தது.

அடுத்த கோடையில் இரண்டு வாரம் ஊருக்கு வந்தாள். லஸ்ஹர் கதவைத் திறந்தார், பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார், சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. கிளம்புவதற்கு முந்தைய நாள் அவள் காபிக் கடைக்கு நடந்தாள். அங்கே பெண்கள் யாரும் போவதில்லை. சீட்டாடிக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்கப்பா எதையும் கிழிக்கல, பூட்டல. நான்தான் பொய்யா எழுதினேன். துனிஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போனவரு அவரு," என்றாள் உரக்க.

சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு மூலையிலிருந்த ஒரு கிழவர் சிரிப்பில்லாமல் கேட்டார். "லஸ்ஹரா உன்ன இதச் சொல்லச் சொல்லி அனுப்பினான்?"

"இல்ல, சத்தியமா நானேதான்."

"சரிம்மா, சரி. நல்ல பொண்ணு. அப்பன் மானத்தைக் காப்பாத்த வந்திருக்கா." இன்னொருவர் தலையை ஆட்டினார். "படிச்ச பிள்ள. இருந்தாலும் பயம் போகல பாரு." அவர்கள் மறுபடி சீட்டை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வருமுன் செய்தி வந்துவிட்டிருந்தது. லஸ்ஹர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு அங்க போனே?" என்றார். ஓராண்டுக்குப் பிறகு அவராக அவளிடம் கேட்ட முதல் கேள்வி. "மகள அடக்கி வச்சிருந்தான்னு மட்டும்தான் பேசிட்டிருந்தானுங்க. இப்ப அமெரிக்காவுலேர்ந்து வந்தவளையும் மிரட்டி அனுப்பினான்னு சேத்துப் பேசுவானுங்க."

மறுநாள் காலை லூவாஜ் நிலையத்துக்கு வன்னாஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வண்டி நிறைய எட்டுப் பேர் சேர ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு ஆள் ஏறும்போதும் துஹா அப்பா வருகிறாரா என்று தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள். எட்டாவது ஆளும் ஏறியதும் ஓட்டுநர் கதவை இழுத்துச் சாத்தினார்.