புருஷன் நீட்டிய துப்பாக்கி

டல்சி ஹைன்ஸுக்கு அறுபத்தொரு வயது. மீன் ஆலையில் காட் மீனுக்கு முள் எடுக்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்கள் ஊர்வம்பு பேச, இவள் மட்டும் பிளாஸ்டிக் உறை போட்ட துப்பாக்கி லைசன்ஸ் பாடப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இந்த வயசுல யாரைச் சுடப் போற, லியாண்டரையா?" என்று சீண்டினார்கள்.

"புருஷனைச் சுட்டா தோட்டாதான் தண்டம்" என்றாள், தலை நிமிராமல்.

விஷயம் இதுதான். நாலு வருஷம் காத்திருந்து, மூஸ் மான் வேட்டைக் குலுக்கலில் அந்த வருஷம்தான் அவர்கள் இருவர் பேரும் விழுந்திருந்தது. ஒரு மூஸ் கிடைத்தால் போதும், நியூஃபவுண்ட்லாந்துக் குளிர்காலம் முழுக்கக் கறிக்குக் கவலை இல்லை. ஆனால் லியாண்டருக்கு ஒரு கண் போய்விட்டது, முழங்காலும் சதுப்பில் நடக்க விடாது. நாற்பது வருஷம் அவனோடு காட்டுக்குப் போனவள் டல்சி. தோலுரிப்பாள், தொடையை முதுகில் சுமப்பாள், கறியை ஜாடியில் அடைப்பாள். லைசன்ஸ்தான் கிடையாது. இவள் பாஸ் பண்ணாவிட்டால் குலுக்கலில் விழுந்த பேர் வீண்.

எழுத்துத் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. அடுத்தது கையில் பிடித்துக் காட்டும் தேர்வு. தேர்வு நடத்திய ஹெட்லி உள்ளூர்க்காரன்தான். "காலிதான், வாங்கிக்கோ" என்று துப்பாக்கியை நீட்டினான். இவளும் நன்றி சொல்லி வாங்கித் தோளில் வைத்தாள். ஹெட்லி பேனாவை மூடிவிட்டான். ஃபெயில்.

"திறந்து பாக்கணும் டல்சி. முதல் பாடமே அதானே."

"நீதானே காலின்னு சொன்ன? அப்புறமும் திறந்து பாத்தா, உன்னைப் பொய்யன்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

சிரிக்காதீர்கள். இவர்கள் ஊரான கேப்ளின் கோவ் பக்கம் வேட்டையில் ஓடை தாண்டும்போதெல்லாம் துப்பாக்கி கைமாறும். காலி என்றால் காலி. சொன்னவன் கண்ணெதிரே திறந்து பார்த்தால் அவன் முகத்தில் அறைந்த மாதிரி. நாற்பது வருஷப் பழக்கத்தைப் பத்து நாளில் விடு என்றால் யாரால் முடியும்?

மறுதேர்வுக்கு அந்தப் பத்து நாள்தான் இருந்தது. அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு லியாண்டர் தன் துப்பாக்கியை நீட்டுவான். டல்சி அப்படியே வாங்கிக்கொள்வாள். அவன் திட்டுவான். மறுபடி நீட்டினால் மறுபடியும் அதே கதைதான். அவன் கையிலிருந்து வருவதைச் சந்தேகப்பட அவளுக்கு மனசு வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான்.

"ராட்லிங் ஓடையில நீ வழுக்கி விழுந்தியே, ஞாபகம் இருக்கா?"

"முழங்கை பேந்துச்சே, மறக்குமா?"

"காலின்னு சொல்லித்தான் உன் கையில குடுத்தேன். அக்கரைக்கு வந்து திறந்து பாத்தா உள்ள ஒரு தோட்டா."

டல்சி அடுப்பை அணைத்தாள். "நான் விழுந்தப்ப குழல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"உன் தாடைக்குக் கீழ."

"இருபத்தஞ்சு வருஷமா வாயைத் திறக்கலியே நீ."

"பயம். அதுக்கப்புறம் நாலு தடவையாவது திறந்து பாக்காம உன் கையில குடுத்ததே இல்ல. ஆனா இனிமே உனக்குத் துப்பாக்கி நீட்டப் போறது நான் இல்லயே, டல்சி."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் மீன் வடைத் தட்டைக்கூட அவன் முன்னால் ணங்கென்றுதான் வைத்தாள். இத்தனை வருஷம் இந்தப் பயத்தை இந்த மனுஷன் தனியாகச் சுமந்தானே என்று நினைத்தபோது மட்டும் இன்னொரு வடையும் சேர்த்து வைத்தாள். மூன்றாம் நாள் எதிரே வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குடு."

"காலி" என்றான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே திறந்தாள். உள்ளே சுண்டுவிரலை விட்டுத் தடவினாள்.

"இன்னொரு தடவை குடு."

மறுதேர்வில் ஹெட்லி நீட்டியதும் குழலைத் தரைப்பக்கம் திருப்பித் திறந்தாள், பார்த்தாள், விரலையும் விட்டாள்.

"என்ன, என்மேல நம்பிக்கை இல்லயா?" என்றான் ஹெட்லி.

"நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவன் குடுத்ததையே திறந்து பாத்தாச்சு. நீ எந்த மூலைக்கு?"

வெளியே வண்டியில் லியாண்டர் காத்திருந்தான். பாஸ் என்று அவள் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. டல்சி வண்டியைக் கிளப்பாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூஸ் அடிச்சா ஈரல் உனக்குத்தான்" என்றாள்.