முருங்கை நின்ற இடம்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு ஒல்லாந்தர் காலத்தது. கூரை ஒழுகும்; சுவர் மட்டும் கோட்டை மாதிரி. கலவரத்தின்போது அந்தச் சுவரையும் நம்பாமல் அகதி முகாமுக்கு ஓடுமுன், அம்மா குத்துவிளக்கைச் சேலையில் சுற்றிப் பின்வளவு முருங்கையடியில் புதைத்தார். திரும்பி வந்தால் முருங்கையைக் காணோம்.

"காத்துக்கு விழுற மரத்தையோ அடையாளம் வைச்சனீர்?" என்று அப்பா வருஷக்கணக்காய்ப் பகிடி பண்ணினார். அம்மா தோண்டித் தோற்ற குழிகளிலெல்லாம் வாழை வைத்தார். விளக்கு வரவில்லை, குலை வந்தது.

பிறகு சண்டை பெருத்த காலம். ஒரு காலை ஆமிக்காரர் எங்கள் குறுகிய ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். சந்தியில் நின்ற லொறியில் ஆண்களை ஏற்றினார்கள். ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வளவுக்குள் கண்ணிவெடி தேடும் கருவியோடு ஒரு இளம் ஆமிக்காரன் வந்தான். அப்பா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி மதிலோரம் நின்றார்.

வாழைகளுக்கு நடுவே கருவி கத்தியது. இரும்புச் சாமான் எது வந்தாலும் அப்பாவை லொறியில் ஏற்றிவிடுவார்கள் என்றே நினைத்தேன். தோண்டினான். குதிரை லாடம் வந்தது. பழைய கதவொன்றின் சாண் நீளத் திறப்பு, சாவி, வந்தது. ஒரு செப்புக்காசு வந்தது. அதைக் காற்சட்டையில் துடைத்துப் பார்த்தான். கருவி இன்னும் பலமாய்க் கத்தியது. உக்கிய சேலைக்குள் எங்கள் குத்துவிளக்கு!

"ஐயோ, இவ்வளவு நாளும் படுத்துக் கிடந்தியே!" என்று அம்மா அதை அள்ளி நிமிர்த்தி வைத்தார். அவன் சிரித்துவிட்டான்.

சந்தியில் விசில் ஊதியது. மிச்ச ஆண்களைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்கள். அவன் அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"மல்லி, பொட்டக் இன்ன!" தம்பி, கொஞ்சம் நில் என்று சிங்களத்தில் மறித்த அம்மா, கையால் கிணற்றடியைக் காட்டி அதே சிங்களத்திலேயே தொடர்ந்தார். "அங்க என்ர நகையும் தாட்டு வைச்சனான். ஒருக்காப் பாருங்கோவன்."

ஆமிக்காரனிடம் யாராவது நகை தேடச் சொல்வார்களா?

அவன் அம்மாவைப் பார்த்தான், லொறியைப் பார்த்தான். பிறகு கிணற்றடியில் மெல்ல மெல்லத் தேடினான். துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் ஒன்று வந்தது.

"அது இல்லை மல்லி, இன்னும் கொஞ்சம் இங்கால."

லொறி புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. அதன்பிறகுதான் அவன் கருவியைத் தோளில் போட்டான். கையை இறக்கும்படி அப்பாவுக்குச் சைகை காட்டினான். செப்புக்காசைக்கூடக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போனான்.

அன்று பின்னேரம் விளக்கேற்றிக் கும்பிட்டோம். இன்றைக்கும் அதை ஏற்றும்போது, பெயர் தெரியாத அவனுக்கும் சேர்த்தே கும்பிடுகிறேன்.

அந்தப் பள்ளி விடுமுறை முழுக்க நான் கிணற்றடியைத் தோண்டினேன். அம்மா தடுக்கவில்லை. "மண்ணை மூடிப்போட்டு வாழை வை" என்று மட்டும் சொன்னார். அவரிடம் இருந்த ஒரே நகை தாலிக்கொடி. அது அன்றும் அவர் கழுத்தில்தான் கிடந்தது. நான் தினமும் பார்ப்பேன். அப்படியும் தோண்டினேன்.