நாற்பத்தெட்டு நாள் நெய்

கணையத்தில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு என் கணவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று, உணவு ஆலோசகர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கொழுப்பு என்பது ஒரு சின்னத் தண்டில் மூன்று நீளமான வால்கள் ஒட்டிக்கொண்டிருப்பது. அப்படியே அது உடம்பில் சேராது. பித்தநீர் அதைப் பொடிப்பொடித் துளிகளாக்கும், கணையத்து நொதி இரண்டு வால்களை நறுக்கும், பிறகுதான் குடல் உறிஞ்சும். இவருக்கு இனி அந்த நறுக்குகிற வேலையை ஒரு கேப்சூல்தான் செய்ய வேண்டும். சாப்பாட்டின் முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று. எடை ஏறினால்தான் கீமோ.

எனக்கு மண்டையில் ஏறியது கடைசி வாக்கியம் மட்டும். நேராகத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரிய டின்னாக நெய் வாங்கினேன்.

இன்னொன்றும் செய்திருந்தேன். அவர் ஆபரேஷன் தியேட்டரில் கிடந்தபோது, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பிழைத்து வந்தால் இந்தத் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து பால்குடம் எடுப்பார் என்று. அவரைக் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் வேண்டிக்கொள்வது பெண்டாட்டி, தூக்குவது புருஷன். பஸ் ஓட்டிய காலமெல்லாம் ஷிஃப்ட் முடிந்ததும் சகாக்களோடு காப்பிக்கடையில் பன்றி எலும்பு சூப் குடித்த மனுஷன், "சரி, எடுக்கறேன்" என்றார்.

விரதம் தொடங்கியது. பருப்பில் நெய், பொங்கலில் நெய், தோசையில் நெய். தட்டுக்குப் பக்கத்தில் என் கையாலேயே கேப்சூலை எடுத்து வைத்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போனார். கழிவறையில் வெளிறிய மலம் மிதந்தது, மேலே எண்ணெய்ப் படலம். இரண்டு முறை தண்ணீர் திறந்தாலும் போகாது. நாற்றத்துக்கு வெட்கப்பட்டு அவரே ஜன்னலைத் திறந்து வைப்பார். நான் இன்னும் ஒரு கரண்டி நெய்யைக் கூட்டினேன். ஒருநாள் பொறுக்காமல் கத்தியும் விட்டேன்.

"திங்கிறதெல்லாம் எங்கதான் போகுது உங்களுக்கு?"

அவர் எழுந்து தட்டைக் கழுவப் போனார்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோட்டுக் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் பால்குடத்தோடு நடந்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டே நானும் நடந்தேன். வெறும் எலும்பு.

மறுவாரம் மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். இந்த உடம்பு கீமோவைத் தாங்காது என்றார் டாக்டர். கேப்சூல் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று ஆலோசகர் கேட்டார். ஒருவேளைகூடத் தவறவில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார்.

"நான் அதைச் சாப்பிடலம்மா. விரதம் ஆரம்பிச்சதிலேர்ந்து குப்பையிலதான் போட்டேன். அது பன்னியோட கணையத்துல எடுக்கறது. டப்பாவுக்குள்ள இருந்த பேப்பர்ல போட்டிருந்துச்சு."

மருந்து வாங்கிய அன்று, அதைக் கொடுத்த பெண் எங்களுக்கு முன்னால் நின்ற மலாய் முஸ்லிம் ஒருவரிடம் அதைச் சொல்லி, பரவாயில்லையா என்று கேட்டதையும் இவர் கவனித்திருக்கிறார். எங்களிடம் கேட்கவில்லை. இந்துவிடம் கேட்க அவளுக்குத் தோன்றியிருக்காது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பஸ் என்றும் பார்க்கவில்லை.

"எத்தனை வருஷம் பன்னி சூப் குடிச்சவரு! இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"எனக்கு என்னலா? நான் எல்லாம் தின்னவன்தான். வேண்டிக்கிட்டது நீயாச்சே. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, விரதம் கெட்டதாலதான்னு நீ காலம் பூரா நினைச்சுக்கிட்டு இருப்பே."

அன்று மாலையிலிருந்து கேப்சூலை என் கண்முன்னால் விழுங்கினார். எண்ணெய்ப் படலம் நின்றது. போன சதை திரும்பவில்லை. கீமோ கடைசிவரை ஆரம்பிக்கவேயில்லை. பங்குனி பிறப்பதற்குள் போய்விட்டார்.

அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அடுப்படியில் அந்த நெய் டின் பாதி அப்படியே இருக்கிறது. வேண்டிக்கொள்வதற்கு முன்னால் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.