அனிஷா பிடிச்ச கொடி

எங்க பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் ஆனந்தமேரி கிரவுண்டுக்குள்ள வந்தா காக்காகூட வரிசையில உக்காரும்னு பிள்ளைங்க சொல்லும். நான் அங்க தமிழ் டீச்சர், அறிவுச்செல்வி. திண்டுக்கல்லுல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சுவரு ஒட்டுன வீடு. அதனால அவங்க அதட்டல் எனக்கு ஸ்கூல்லயும் உண்டு, வீட்டுலயும் உண்டு. மொட்டை மாடியில நான் காயப்போட்ட சேலை கோணலாக் கிடந்தாலும் ஓரத்தை இழுத்து நேர் பண்ணிட்டுத்தான் கீழ இறங்குவாங்க.

அவங்க பொறந்தது குஜிலியம்பாறைப் பக்கம். மழை பேஞ்சாத்தான் அங்க வெள்ளாமை. செருப்பில்லாம ஓடி ஓடியே மேல வந்த மனுஷி. மாவட்ட அணிவகுப்புல கொடி பிடிச்சு முன்னால நடந்தப்ப எடுத்த ஃபோட்டோவ ஹால்ல மாட்டி வச்சிருக்காங்க. கல்யாண ஃபோட்டோ பீரோவுக்குள்ள கிடக்கு. ஏன் டீச்சர்னு கேட்டா, "அதுல நான் சரியா நிக்கலை"ம்பாங்க. இப்படி ஒரு ஆளை என்ன சொல்றது!

வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேந்துட்டாரு. ஒரே மக, அனிஷா. குறைமாசத்துல பொறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்த பிள்ளை. பிழைக்காதுன்னு டாக்டர் கைய விரிச்சப்ப, மேரி டீச்சர் மாதா கோயில்ல போய் விழுந்து, "பிழைச்சா உனக்கே கொடுத்துர்றேன் தாயே"ன்னு நேந்துக்கிட்டாங்க. பிள்ளை பிழைச்சிருச்சு. பிளஸ் டூ முடிச்சதும் சொன்னபடி கன்னியர் மடத்துக்கு அனுப்பினாங்க. மடத்துல இருந்து இத்தாலிக்கு அனுப்பினாங்க. வழியனுப்பின அன்னைக்கு நிலக்கோட்டை மல்லிகையில கழுத்து கொள்ளாம மாலை, தெருவே வேன் பின்னால வந்துச்சு. டீச்சர் மட்டும் கண்ணுல பொட்டுத் தண்ணி விடலை.

ஆயுசுக்கும் கன்னியராவே இருப்பேன்னு கடைசி வார்த்தைப்பாடு கொடுக்குறதுக்கு முன்னால அங்க இருந்து ஃபோன். "அம்மா, எனக்கு இந்த வாழ்க்கை ஒத்து வரலைம்மா. வெளிய வந்துட்டேன். முதியோர் இல்லத்துல வேலை பாக்குறேன்." மேரி டீச்சருக்கு வந்துச்சே ஒரு கோபம்! "சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்க நீ யாருடி? இனிமே என் மூஞ்சில முழிக்காத"ன்னு வச்சுட்டாங்க.

அந்தப் பிள்ளையும் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை. அன்னையில இருந்து வீடியோல வராது, ஒரு ஃபோட்டோ அனுப்பாது. வாய்ஸ் மெசேஜ் மட்டும் வரும். "அம்மா, சாப்டியா? பிரஷர் மாத்திரை போட்டியா?" இவங்க திருப்பி "ம்"னு ஒண்ணு அனுப்புவாங்க. ஆனா அந்த மெசேஜையே திருப்பித் திருப்பிக் கேக்குறது சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். வருஷக்கணக்கா இதே கூத்து.

"வீடியோல நீங்களே கூப்பிட்டா விரலா தேஞ்சுரும்?"னு ஒருநாள் பொறுக்க மாட்டாமக் கேட்டுட்டேன்.

"அவ கூப்பிடட்டும்."

"நீங்கதானே டீச்சர் மூஞ்சில முழிக்காதன்னீங்க?"

"சொன்னேன். சொன்னா அப்படியே இருந்துருவாளா?" நான் காப்பி போட எந்திரிச்சுட்டேன்.

அப்புறந்தான் அங்க அந்தக் குளிர்கால விளையாட்டுப் போட்டி வந்துச்சு. தொண்டு வேலைக்குப் பேரு கொடுத்திருந்தாளாம் அனிஷா. வாயில நுழையாத பேரு உள்ள ஏதோ ஒரு குட்டி நாடு, ஒத்தை ஆளைத்தான் போட்டிக்கு அனுப்பியிருக்கு. அவனும் பழகும்போதே பனியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டான். தொடக்க விழாவுல அவங்க கொடியைத் தூக்க ஆளில்லை, நீ தூக்குன்னு இவகிட்டச் சொல்லிட்டாங்க. "அம்மா, கொடியை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லும்மா"ன்னு மெசேஜ்.

மேரி டீச்சர் ஃபோனைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு ஓடி வந்துட்டாங்க. என் எதிரேயே பதில் பேசினாங்க. "கம்பை இடுப்போட சேத்து நேரா நிறுத்து. மத்தவுக ஆட்டுறாங்கன்னு நீயும் ஆட்டாத. துணி தரையில படக்கூடாது. காத்தடிச்சு மூஞ்சில விழுந்தாலும் கையெடுத்துத் தள்ளக்கூடாது. நேராப் பாத்து நட." அம்புட்டுதான். பாப்பான்னு ஒரு வார்த்தை, கண்ணுன்னு ஒரு வார்த்தை, கிடையாது.

கோயில் வாசல்ல ஒரு அம்மா, "எவனோ ஒருத்தன் நாட்டுக் கொடியை நம்ம பிள்ளை எதுக்குத் தூக்கணும்?"னு கேட்டுச்சு. "ஒத்தை ஆளா வந்தவன் காலு ஒடிஞ்சு கிடக்கான். அவன் கொடியை மூலையில சாத்தி வைக்கவா?"ன்னு டீச்சர் பாஞ்சாங்க. மகளுக்காக அவங்க பரிஞ்சு பேசி அன்னைக்குத்தான் கேட்டேன்.

விழா நடந்தது நமக்கு நடுச்சாமம். மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் எங்க வீட்டு டிவியில திருப்பிப் போட்டேன். கஞ்சி போட்ட காட்டன் சேலையில வந்து உக்காந்தாங்க. ஒவ்வொரு நாடா வருது. ஒவ்வொருத்தனுக்கும் திட்டு. "இவன் என்ன விசிறியா வீசுறான்? இந்தா, இவ கம்பைத் தோள்ல சாச்சுட்டா. ஒருத்தருக்காவது டிரில் சொல்லிக் கொடுத்திருக்கானா பாருங்க டீச்சர்!" வாய்தான் பேசுது. என் கைய அவங்க பிடிச்ச பிடியில எனக்கு விரல் மரத்துப்போச்சு.

டிவியில அந்தக் காலொடிஞ்சவன் நாட்டுப் பேரைச் சொன்னாங்க. நீளமா வெள்ளைக் கோட்டு, தலையை மூடித் தொப்பி, பச்சையும் மஞ்சளுமா ஒரு கொடி. உள்ள நுழையும்போதே பனிக்காத்து ஒண்ணு அடிச்சு, துணி அப்படியே மூஞ்சியில சுத்திக்கிச்சு. கேமரா கிட்டத்துல போகுது. துணிதான் தெரியுது. முன்னால போனவங்க எல்லாம் கையாட்டிச் சிரிச்சாங்க. இவ கையெடுக்கலை. கம்பு இம்மியும் சாயலை. நேரா நடந்தா.

"தள்ளுடி"ன்னாங்க மேரி டீச்சர், மெல்ல. அப்புறம் எந்திரிச்சு டிவிகிட்டயே போயிட்டாங்க. "தள்ளுடி பாப்பா! கையால தள்ளுடி!"

அடுத்த நாடு வந்துருச்சு. "திருப்பிப் போடுங்க"ன்னாங்க. போட்டேன். மறுபடியும் துணிதான். இன்னொரு தடவை போட்டேன். அதேதான். தரையில உக்காந்து, "எனக்கு எம்பிள்ளையப் பாக்கணும் டீச்சர். பாத்து எம்புட்டு நாளாச்சு, எனக்கு அவளைப் பாக்கணும்"னு சத்தம் போட்டு அழுதாங்க. எனக்கும் தாங்க முடியலை.

அழுதுக்கிட்டே ஃபோனை எடுத்து வீடியோவ அமுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் மணி அடிச்சு அவ எடுத்தா. ஃபோன்ல ஒரு ரூமோட மேல்கூரைதான் தெரிஞ்சுச்சு.

"அம்மா... துணி மேல விழுந்துச்சும்மா. நான் தள்ளவே இல்லை. பாத்தியா?"

"பாத்தேன். சரியாப் பிடிச்ச." ஃபோனை மூஞ்சிகிட்டக் கொண்டு போனாங்க. "மூஞ்சியக் காட்டுடி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம். "செத்த இரும்மா. அழுது வீங்கிக் கிடக்கு. கழுவிட்டு வாரேன்."

"கழுவ வேணாம்டி, அப்படியே வா"ன்னு இவங்க கத்தினது, அங்க குழாயில தண்ணி விழுந்த சத்தத்துல அவளுக்குக் கேக்கலை.