ருசி பார்த்த கணக்கு

சுலோசனா கணக்கில் இரண்டு முறை தோற்றிருந்தாள். டெலிபோன் ஆபரேட்டராகத் தற்காலிகமாக உட்கார்ந்திருந்த அலுவலகத்தில், ஸ்கூல் ஃபைனல் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். 1973-ஆம் வருடத்தோடு அந்த வாய்ப்பும் முடிகிறது.

அவளைக் கவிழ்த்தது இருபடிக் கோவை. பரீட்சைக்கு முந்தைய நாள் காலை, ஜாதவ்பூர் வீட்டில் அண்ணி அன்னம் கடைகளுக்கு அனுப்ப மைசூர்பாகு வெட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்த சுலோசனா, சட்டென்று ஒரு பெரிய சதுரம் கேட்டு வாங்கினாள். அதன் பக்கம் x. அதே நீளத்தில், அகலம் ஒன்று என்று வைத்து ஐந்து பட்டைகள், பட்டையின் அகலத்துக்கு ஆறு சின்னச் சதுரங்கள். ஆக மொத்தம் x²+5x+6. நகர்த்தி நகர்த்திச் சேர்த்தாள். இடைவெளியே இல்லாமல் ஒரு செவ்வகம் வந்து நின்றது. ஒரு பக்கம் x+2, மறுபக்கம் x+3.

இதுதானா காரணி! உடம்பு சிலிர்த்தது. கோவையைப் பூச்சியமாக்கும் எண்கள் 2, 3 என்று அந்த வேகத்திலேயே எழுதி, அண்ணியிடம் காட்டினாள்.

அன்னத்துக்கு அல்ஜீப்ரா தெரியாது. ஆனால் ஒரு துண்டை வாயில் போடாமல் எந்தத் தட்டையும் வெளியே அனுப்பமாட்டாள்.

"சரின்னு எப்படிச் சொல்றே?"

"பாத்தாலே தெரியுதே அண்ணி."

"பாத்தா என் பாகுகூட அழகுதான். கசக்குதான்னு நாக்குக்குத்தானே தெரியும்?"

சுலோசனா 2-ஐப் போட்டுப் பார்த்தாள். இருபது வந்தது. முகம் வாடியது. −2-ஐப் போட்டாள்: நாலு, கழித்தல் பத்து, கூட்டல் ஆறு. பூச்சியம்! −3-க்கும் பூச்சியம். இரண்டு வருடமும் குறியை மாற்றாமலே எழுதிவிட்டு, சரி என்று நம்பி வெளியே வந்திருக்கிறாள். கண் ஒப்புக்கொள்வது வேறு, உண்மை வேறு.

மறுநாள் வினாத்தாளில் x²−x−6. கழித்தல் பட்டையை எந்தக் கத்தியால் வெட்டுவது? பெருக்கினால் −6, கூட்டினால் −1 வரும் எண்களைத் தேடினாள்: −3, 2. (x−3)(x+2). அப்படியென்றால் 3, −2. ஒவ்வொன்றையும் கோவைக்குள் போட்டாள். பூச்சியம். மறுபடியும் பூச்சியம். மணி அடிக்கும்வரை மற்ற விடைகளையும் சரிபார்க்காமல் விடவில்லை.

வாசலில் அன்னம் காத்திருந்தாள்.

"எல்லாத்தையும் வாயில போட்டுப் பாத்துட்டேன் அண்ணி."

கிடைத்தது நாற்பத்தொரு மார்க், மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் வேலை நிரந்தரமானது.