காசாகக் கேட்ட கூலி

களத்தில் அளந்து வாங்கிய ராகி அம்மாவின் மடியில் வெயில் சூட்டோடு இருக்கும். அதில் கை விட்டால் விரல் இடுக்கெல்லாம் உமி ஒட்டிக்கொண்டு அரிக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில், பாகலூர்ப் பக்கம், எங்களுக்குக் கூலி என்றால் அதுதான், நாளுக்கு ஒரு படி. அப்பா இல்லாத வீடு; அம்மாவும் நானும் களி கிண்டியது போக, மிச்சத்தைக் கொடுத்து உப்பு மிளகாய் வாங்குவோம்.

ஓசூர் ரோட்டில் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கியபோது, "சித்தாள்" வேலைக்குப் போன பெண்கள் சனிக்கிழமைதோறும் முந்தானையில் காசு முடிந்து வந்தார்கள். அம்மாவுக்கும் ஆசை வந்தது, எனக்காகத்தான்; பள்ளிக்கூடத்துப் பாவாடையும் சிலேட்டும் ராகிக்கு யார் தருவார்கள்? பண்ணைக்காரரிடம் போய், "அய்யா, இனிமேட்டுக்கு என் கூலிய காசா குடுத்துடுங்க" என்றாள். அவர் அன்றைய ராகி விலைக்குக் கணக்குப் பார்த்து, ஒரு வருசத்துக்கு என்று பேசி முடித்தார்.

சிலேட்டு வந்தது. மழை வரவில்லை. ராகி விலை சந்தைக்குச் சந்தை ஏற, ஒரு படி வாங்கிய கூலிக்கு முக்கால் படி கிடைத்தது, பிறகு அரைப்படி. "காசு அதே காசுதான் அக்கா, ராகிதான் பெரிய மனுசனாயிடுச்சு" என்று கடைக்கார பாய் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அம்மா சிரிக்கவில்லை. கட்டட வேலையும் பாதியில் நின்றுபோய், சித்தாள் பெண்களும் களத்துக்கே திரும்பி வந்து ராகிக் கூலி கேட்டு நின்றார்கள்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனாள். "நீதான காசு கேட்ட? நானா பேச்சு மாறுனேன்?" என்ற பண்ணைக்காரர் என்னைப் பார்த்து, "இவள அனுப்பு, கல்லு பொறுக்கட்டும். அரப்படி, ராகியாவே அளக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "மழ பேஞ்சதும் பள்ளிக்கோடம் போலாம்டி" என்றாள். மழை மறு வருசம் பெய்தது. ஏறிய விலை இறங்கவில்லை; பேசிய வருசம் முடிந்தும் அம்மாவின் கூலி ராகிக்கு மாறவில்லை. மூன்றாம் வகுப்போடு சரி. நான் கொண்டுவந்த அரைப்படியில்தான் உலை கொதித்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இப்போது அந்தக் களம் கம்பெனிச் சுவருக்குள் போய்விட்டது. கூலியை அளந்து தருவார் யாருமில்லை. மகனுக்குச் சம்பளம் போனில் வருகிறது. வந்த அன்றே ஒரு மூட்டை ராகி வாங்கிப் போடச் சொல்வேன், "நாளைக்கே வெல ஏறிடுமா?" என்று சிரித்தபடி வாங்கி வருவான். சிலேட்டும் உடைந்து வெகு காலமாயிற்று. உடையும்வரை, எலிக்குப் பயந்து அதை அம்மா ராகிப் பானைக்கு மூடியாக்கியிருந்தாள். நான் கடைசியாக எழுதிய பக்கம் கண்ணில் படாதபடி, ஒவ்வொரு முறையும் கவிழ்த்தே மூடுவாள்.