கோவில்பதாகை இத்தாலியும் ஆறாவது வார எலுமிச்சையும்

கல்யாணமான நாளிலிருந்து சுதாவுக்கு இத்தாலி போக வேண்டும். கோபுரமும் மியூசியமும் வேண்டாமாம். ஏதாவது கிராமத்தில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். 'அடுத்த வருஷம்' என்று சொல்லியே பன்னிரண்டு வருடம் ஓட்டிய நான், இந்த ஜூனில் ஒருவழியாக இருவருக்கும் விசாவுக்கு விண்ணப்பித்தேன். என்னை நம்பாத சுதா, கையோடு மாங்காட்டு அம்மனிடமும் வேண்டிக்கொண்டாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு வாரம், ஒரே கிழமையில் போக வேண்டும். இரண்டு எலுமிச்சை கொடுத்தால் அர்ச்சகர் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பித் தருவார். அதை வீட்டில் வைத்துக் கும்பிட்டு அடுத்த வாரம் மறக்காமல் கொண்டுபோக வேண்டும். சுதாவின் கிழமை ஞாயிறு. ஐந்து வாரம் முடிந்திருந்தது.

அப்போதுதான் 'இத்தாலி கிராமத்து விடுமுறை' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. இடம் கோவில்பதாகை. அம்பத்தூரில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர். ஒரு இரவு, நாலு வேளைச் சாப்பாட்டோடு இருவருக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒத்திகையாக இருக்கட்டுமே என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாளே தவிர, பெட்டி கட்டிவிட்டாள். ஞாயிறு மாலை அங்கிருந்தே கோயிலுக்குப் போவதாகத் திட்டம். அதனால் எலுமிச்சையும் எங்களோடு வந்தது.

சனிக்கிழமை காலை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். உரிமையாளர் குமரேசன் எட்டு வருடம் இத்தாலியக் கப்பலில் சமைத்தவர். ஊர் திரும்பி, அப்பாவின் தென்னந்தோப்பில் சிவப்பு ஓடு போட்ட இரண்டு அறை கட்டி, வாசலில் பிளாஸ்டிக் திராட்சைக் குலை தொங்கவிட்டிருக்கிறார். ஆலிவுக்குப் பதில் உப்பில் ஊறிய அரைநெல்லி. வைன் விற்க லைசென்ஸ் இல்லாததால் நாவல்பழ ஜூஸ், ஆனால் வைன் கிளாஸில்தான். நன்றாகச் சுற்றி, மோந்து பார்த்து, அப்புறம்தான் குடிக்க வேண்டும் என்று பாடம் வேறு எடுத்தார். நான் மோந்து பார்த்தேன். நாவல்பழ வாசனைதான் வந்தது.

சாயங்காலம் திராட்சை மிதித்தல். கோயம்பேட்டிலிருந்து வந்த பன்னீர் திராட்சை, குழந்தையைக் குளிப்பாட்டும் நீல டப்பில். சுதா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வழுக்கி என் சட்டையைப் பிடித்தாள், இரண்டு பட்டன் போயிற்று. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. இவளை முன்பே கூட்டிப் போயிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஞாயிறு மதியம் பாஸ்தா. மாவை முறுக்கு அச்சில் போட்டு நம் கையாலேயே பிழியலாம். கோயிலுக்குப் போகும்வரை சுதா விரதம், அதனால் சாப்பிட்டது நான் மட்டும். எலுமிச்சை போட்ட பாஸ்தா, சும்மா சொல்லக் கூடாது, அபாரம். இரண்டு தட்டு காலி செய்து, நாலு கிளாஸ் நாவல் ஜூஸும் குடித்தேன்.

மூன்று மணிக்கு சுதா ஃபிரிட்ஜைத் திறந்தாள். வெயிலில் வாடிவிடுமென்று முதல் நாள் அவள் அதில் வைத்த எலுமிச்சையைக் காணோம். குமரேசன் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணுதான் இருந்துது மேடம், அத்தத்தான் பாஸ்தாவுல புயிஞ்சேன். குங்குமம் கீதேன்னு நல்லா கழுவிக்கினேன்."

சுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறாவது வாரம் பாழானால் விசாவும் போச்சு என்றாள். வேறு பழம் வாங்கலாம் என்று வாயைத் திறந்த எனக்கு நன்றாகத் திட்டு கிடைத்தது. கோயிலிலிருந்து வந்த பழம்தான் கோயிலுக்குத் திரும்ப வேண்டுமாம். குமரேசன்தான் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார்.

"அது எங்கயும் போவல மேடம். சார் வயித்துலதான் கீது. சாரை இட்டுகினு போய் அம்மன் முன்னால நிக்க வெச்சுடுங்க."

நான் சிரித்தேன். சுதா சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்து, "கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க எங்கயும் ஒதுங்கக் கூடாது" என்றாள்.

கோவில்பதாகையிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வழியாக மாங்காடு சுமார் பதினேழு கிலோமீட்டர். நாலு கிளாஸ் நாவல் ஜூஸோடு ஆட்டோவில் அது எவ்வளவு தூரம் என்பதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். வேகத்தடைகளை எண்ண ஆரம்பித்து, பூந்தமல்லியில் எண்ணும் தெம்பே போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அர்ச்சகரிடம் சுதா புதுப் பழங்களை நீட்டி, என்னைக் காட்டி ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் என் வயிற்றைப் பார்த்தார், நெற்றியில் குங்குமம் வைத்தார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் வெளியே ஓடினேன்.

போக நினைப்பவர்களுக்கு: திராட்சை மிதிக்கப் பழைய உடுப்பு கொண்டுபோங்கள். நாவல்பழ சீசன் ஜூலையோடு முடிந்துவிடும், அதற்குள் போங்கள். மதியத் தூக்கத்துக்குத் தோப்பில் கயிற்றுக்கட்டில் உண்டு. சாமிப் பழம் எதையும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

மூன்று வாரத்தில் இரண்டு பாஸ்போர்ட்டும் வந்தன. சுதாவுக்கு விசா கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை. என்ன ஏது என்று நான் புலம்ப, சுதா நிதானமாகச் சொன்னாள், "அம்மன் எப்பவும் போல ஒண்ண வெச்சுக்கிட்டு ஒண்ணத் திருப்பிக் குடுத்திருக்கா."

அவளும், ஏற்கெனவே விசா வைத்திருக்கும் அவள் தங்கையும் அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். நான் மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். மாங்காட்டில் நேற்று எனக்கு முதல் வாரம். திரும்பி வந்த பழத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறேன்.